பாதி வழியில் நின்ற பெட்டி

"நின்னுடுச்சு!" என்று மேலேயிருந்து வெல்டர் கத்தினார்.

"எது?" என்று கீழேயிருந்து மிளகாய் கத்தினாள்.

கத்திய பிறகுதான் கேள்வியின் லட்சணம் அவளுக்கே உறைத்தது. அந்தச் சரிவில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான். நின்றால் அதுதான் நின்றிருக்க வேண்டும்.

தெருவோரத்திலிருந்து மலை மேல் இருக்கிற வீட்டு வாசல் வரை சாய்வாக இரண்டு தண்டவாளங்கள். உச்சியில் மோட்டார். இரும்புக் கயிறு கட்டி இழுக்கிற ஒரு கண்ணாடிப் பெட்டி, நாலு பேர் உட்காரலாம். கம்பெனி அதற்குச் 'சரிவு லிஃப்ட்' என்று பெயர் வைத்திருந்தது. வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் அதைப் 'பெட்டி' ஆக்கிவிட்டார்கள். அதுவரை அந்த வீட்டுக்குப் படிக்கட்டுதான் கதி. தபால்காரர் மேலே வந்து சேர்ந்தால் முதலில் தண்ணீர் கேட்பார், பிறகு உட்கார இடம் கேட்பார், யாருக்குத் தபால் என்பதே அதற்கப்புறம்தான் அவருக்கு நினைவுக்கு வரும்.

மிளகாய் என்பது அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். ஒருநாள் காதில் விழுந்ததும், "முன்னாடியே கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கூச்சம்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கம்பெனியில் ஆபீஸை விட்டு சைட்டுக்கு வந்த முதல் பெண்ணும் அவள்தான். இரண்டுக்கும் யாரும் கைதட்டவில்லை. இரண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கிய முதல் தனி வேலை இது. மேலாளர் வழியனுப்பும்போது சொன்னார்: "மதியம் ஆய்வாளர் வந்து சான்றிதழ் குடுத்துட்டா அடுத்த சைட்டும் உனக்குத்தான். குடுக்கலையா, நாளையிலேர்ந்து ஆபீஸ்ல உக்காந்து போன் எடு. உன் குரல் நல்லா கணீர்னு இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பாராட்டுதான் அடிவயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது.

எடை ஏற்றி ஓட்டிப் பார்க்கிற சோதனையெல்லாம் நேற்றே முடிந்துவிட்டது. பெட்டி வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இன்று காலை வீட்டாருக்கு ஓட்டிப் பழக்குவது மட்டும்தான் பாக்கி. முதல் ஆளாக வீட்டு மருமகளை ஏற்றிக் கீழே இறக்கினால், பாதி வழியில் இப்படி.

அதுவும் எங்கே நின்றது? சரிவின் நடுவில் குடை விரித்த மாதிரி ஒரு பெரிய மரம். அதன் நிழலுக்குள் பெட்டி போய்விட்டால் மேலேயிருந்தும் தெரியாது, கீழேயிருந்தும் தெரியாது. அங்கேதான்.

மிளகாய் படியேறி ஓடினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு அவளுக்குப் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாதுகாப்புச் சுற்று அறுந்திருக்கு" என்றாள்.

"அது எனக்கும் தெரியுது தங்கச்சி. எங்க அறுந்திருக்கு?" என்றார் வெல்டர்.

அதைத்தான் அந்த விளக்கு சொல்லாது. ஆபத்துக்குக் காவலாக வைத்த சுவிட்சுகளையெல்லாம் ஒரே கம்பியில் மாலை மாதிரிக் கோத்திருக்கும். கேட், கயிறு, முன்பக்க முட்டுப் பலகை, உள்ளே இருக்கிற அவசரப் பட்டன், எது விலகினாலும் மாலை அறுந்த கணக்கு. வண்டி நிற்கும், விளக்கு எரியும். யார் செய்த வேலை என்று மட்டும் தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தது யார் என்று விசாரிப்பது மாதிரிதான்.

பெட்டிக்குள் பேசுகிற மைக்கை எடுத்தாள். "பயப்படாதீங்க! உள்ள அவசரப் பட்டன் ஏதாவது அமுங்கியிருக்கா பாருங்க!"

"ஐயோ, அதையெல்லாம் தொடவே எனக்குப் பயமுங்க" என்றது மருமகளின் குரல்.

பாவம், குரல்கூட ஒடுங்கிப்போயிருந்தது. மிளகாய்க்கு நெஞ்சு இளகிவிட்டது.

பேனல் இருந்த அறைக்கு அடுத்தது சமையலறை. அங்கிருந்து வீடே கத்திக்கொண்டிருந்தது. "அம்மா, என் சாக்ஸ் எங்க?" "அம்மா, இவன் கிள்றான்!" "ஏம்மா மருமகளே, என் கண்ணாடியைப் பாத்தியா?" "அவ பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டா!" "எப்ப வருவா?" "அந்தப் பொண்ணைக் கேளு!"

அந்தப் பொண்ணு மேல் நிலையத்துக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டினால் ஆடியது. "இதான்! தாழ்ப்பாள் லூசு. காத்துல கேட் அசையுது, சுவிட்ச் விலகுது."

"நேத்தும் காத்து அடிச்சுதே" என்றார் வெல்டர்.

"நேத்துக் காத்து வேற. சுத்தியலை எடுங்கண்ணே!"

வெல்டர் ஓங்கி நாலு போடு போட்டார். நாலாவது போட்டில் விளக்கு அணைந்தது. கயிறு நகர்ந்தது. பெட்டி மரத்தை விட்டு வெளியே வந்தது.

"பாத்தீங்களா!" மிளகாய் இருந்த இடத்திலேயே குதித்தாள். படிக்கும்போது முதல் மார்க் வாங்கிய அன்றுகூட இப்படிக் குதித்ததில்லை.

மருமகள் கீழே போய்த் திரும்பி மேலே வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. பயம் தெளிந்த முகம் அப்படித்தான் இருக்கும் என்று மிளகாய் நினைத்துக்கொண்டாள். ஒரே சிக்கல், அடித்த அடியில் தாழ்ப்பாள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கேட் திறக்கவில்லை. மருமகளை வெல்டர் கைகொடுத்து, கேட்டுக்கு மேலாகத் தாண்ட வைக்க வேண்டியிருந்தது.

"பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே தாண்டினாள் அவள். இறங்கியதும் நேரே மாமியாரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள்.

இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது மூன்று மாதமாக அங்கே வேலை பார்த்த மிளகாய்க்குத் தெரியும். மோட்டார் வைக்கிற இடத்தை முடிவு செய்யவே இருவருக்கும் மூன்று வாரம் ஆனது. 'போச்சு, கேட் திறக்கலைன்னு வத்தி வெக்கறா' என்று நினைத்தாள்.

ஆனால் மாமியார் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்தார். "நான் போறேன்மா இப்ப."

"கேட் திறக்கலம்மா, கொஞ்சம் பொறுங்க…"

"தாண்டிக்கறேன். நகரு."

மூட்டுவலி என்று படிக்கட்டையே ஆறு மாதமாக எட்டிப் பார்க்காத மனுஷி, கேட்டைத் தாண்டி உள்ளே உட்கார்ந்துவிட்டார். பெட்டி இறங்கியது. மரத்துக்குள் போனது. வெளியே வரவில்லை.

விளக்கு எரிந்தது.

"இப்ப கேட் ஆணி அடிச்ச மாதிரி இருக்கு தங்கச்சி" என்றார் வெல்டர். "இனிமே அதைக் குத்தம் சொல்ல முடியாது."

அவசரப் பட்டனைப் பற்றி மாமியாரிடம் கேட்க மிளகாய்க்கு நாக்கு எழவில்லை. பழுது வந்தால் வாடிக்கையாளர் மேல் பழி போடாதே என்பது மேலாளரின் முதல் பாடம். அதோடு அந்த அம்மாவின் வாய்க்கு மோட்டாரே பயப்படும். யோசித்தாள். இரண்டு தடவையும் ஒரே இடம். அந்த மரம்.

"கிளை! தாழ்ந்த கிளை ஒண்ணு முட்டுப் பலகையில உரசுது. நம்ம பெட்டி அதை ஆள்னு நினைச்சு நிக்குது!"

"நேத்து அந்தக் கிளை எங்க போயிருந்துச்சு?"

"மரம் வளராதா அண்ணே?"

"ஒரே ராத்திரியிலயா?"

"அறுக்கறீங்களா, நான் அறுக்கட்டுமா?"

வெல்டர் ரம்பத்தோடு சரிவில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. "அம்மா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க! சாமியை வேண்டிக்கிறாங்க போலிருக்கு!"

"பாவம், சீக்கிரம் அறுங்க!"

ரம்பம் கரகரவென்று கத்தியது. கிளை முறிந்து தடாலென்று விழுந்தது. விழுந்த மறு விநாடி விளக்கு அணைந்து பெட்டி நகர்ந்தது.

மிளகாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினாள். உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. இதுதான் இன்ஜினியரிங்! யோசி, கண்டுபிடி, அறு!

கிளை விழுந்த இடம்தான் சரியில்லை. கீழேயிருந்து வீட்டுக்குத் தண்ணீர் ஏறுகிற குழாய் அங்கேதான் ஓடியது. இப்போது தண்ணீர் வீட்டுக்கு ஏறுவதற்குப் பதிலாக வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அங்கிருந்து தண்டவாளத்தின் மேல் பொழிந்தது.

"குழாயில தண்ணி வரலையே!" சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "அப்ப இன்னிக்குச் சமைக்க முடியாதா?"

"மன்னிச்சுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள…"

"அவசரமே இல்லைங்க! நாளைக்குக்கூட வரட்டும்!"

மிளகாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை சைட் கதை கேட்டிருக்கிறாள். ஒரு கீறல் விழுந்தாலே கம்பெனிக்குப் போன் போடுகிற மனிதர்கள். இவர்கள் வேறு மாதிரி. மாமியார்கூட மேலே வந்து கேட்டைத் தாண்டும்போது, சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பெட்டிம்மா" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பயத்தில் அழுதிருக்கிறார், அப்படியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

குறை சொல்ல மாமனார் வந்தார். மரத்தை வைத்ததே அவர்தானாம். "என் மரத்துல கை வெச்சது யாரு?" என்று செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்து வந்தவரை மாமியார் ஓரமாகக் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ, மனிதர் தணிந்தார். "சரி, நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று பெட்டியில் ஏறினார்.

பெட்டி மரத்துக்குள் போய் நின்றது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கக்கூட இல்லை, நின்றே தொலைத்தது. மிளகாயின் தலைக்குள் ரத்தம் குதித்தது. மதியம் ஆய்வாளர் வந்துவிடுவார். நாளைக்குக் கணீர்க் குரலில் 'வணக்கம், யார் பேசணும்?' என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"ஐயா, தைரியமா இருங்க!" என்றாள் மைக்கில்.

"பொறுமையா பாரும்மா. ஒண்ணும் அவசரம் இல்ல. எதையும் விட்டுடாம நல்லாப் பாரு" என்றார் மாமனார். பின்னணியில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

கேட் இல்லை, கிளை இல்லை. மிச்சம் கயிறு. தண்ணீர் பட்டு வழுக்கிக் கயிறு தொய்கிறது, தொய்வுச் சுவிட்ச் விலகுகிறது. நினைத்த வேகத்தில் திருகுச் சாவியை எடுத்தாள். வெல்டர் வாயைத் திறப்பதற்குள், "நேத்து தண்ணி இல்ல!" என்று அவர் வாயை அடைத்தாள். இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்து முறுக்கினார்கள். முறுக்கினார்கள், முறுக்கினார்கள், விளக்கு அணைகிற வரைக்கும் முறுக்கினார்கள். அதற்குள் ஒரு முழுச் செய்தித்தாளைப் படித்து முடித்துவிடலாம்.

பெட்டி கீழே போய்ச் சேர்ந்தது. சேரவும் இல்லை. முறுக்கிய முறுக்கில் தரைக்கு ஒரு முழம் மேலேயே தொங்கிவிட்டது. மாமனார் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை வைத்து இறங்கினார்.

"அருமையா இருக்கும்மா" என்றார்.

ஆக, காலையில் ஒரு குறை இருந்த இடத்தில் இப்போது கேட் திறக்காது, குழாயில் தண்ணீர் வராது, பெட்டி தரையைத் தொடாது, அந்தப் பழைய குறையும் பத்திரமாக அப்படியே இருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் மேல் நிலையத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி ஒரு தடவை நான் போய்ச் சோதிச்சுப் பாக்கறேன் அத்தை."

"நீதான் காலையில முதல் ஆளாப் போனியே! இப்ப என் முறை."

"உங்களுக்கு மூட்டு வலிக்கும்."

"என் மூட்டைப் பத்தி என்னிக்குடி நீ கவலைப்பட்ட?"

பழுதான பெட்டியில் ஏற இப்படி அடித்துக்கொள்கிறவர்களை மிளகாய் பார்த்ததில்லை. அவளுக்கு உதவத் துடிக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. இந்த நல்ல ஜனங்களுக்கு ஒரு ஓட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டோமே என்ற ஆத்திரம் தன்மேலேயே திரும்பியது.

"யாரும் ஏறக் கூடாது!" என்று கத்தினாள். இருவரும் முகம் வாடி உள்ளே போனார்கள்.

அப்புறம் நடந்தது ஒரு மூச்சு வேலை. தாழ்ப்பாளைப் பிடுங்கிப் பழையபடி மாட்டினார்கள். குழாயை ஒட்டுப்போட்டார்கள். முறுக்கிய கயிற்றை அளவு பார்த்துத் தளர்த்தினார்கள். காலை முழுக்க நெஞ்சு படபடக்கச் செய்த திருத்தங்களையெல்லாம் நெஞ்சு படபடக்கத் திருத்தி, பெட்டி காலையில் எப்படி இருந்ததோ அதே நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இதுக்குப் பேசாம தூங்கியிருக்கலாம்" என்றார் வெல்டர்.

மேலாளர் போனில் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. நடுவுல நின்னதைப் பத்தி ஆய்வாளர்கிட்ட மூச்சு விடாதே. அவர் ஏறும்போது நிக்காம இருந்தா நம்ம அதிர்ஷ்டம்."

"நின்னா?"

"உன் தலையெழுத்து."

அதாவது, ஓடினால் நாம், நின்றால் நீ. மிளகாய்க்குக் காதோரம் சூடேறியது. "அந்த வீட்டுல மூணு குழந்தைங்க இருக்கு சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆய்வாளர் வந்தார். கஷாயம் குடித்துவிட்டு நேரே வந்த மாதிரி முகம். தோளில் கருவிப் பை. சட்டைப் பையில் போன் ஓயாமல் அலறியது. "வர்றேன் சார்… ஆமா சார்…" என்று வைத்தால், "வர்றேன்மா… வாங்கிட்டு வர்றேன்… ரெண்டும் வாங்கிட்டு வர்றேன்" என்று எடுத்தார்.

அவர் பையைத் திறப்பதற்குள் மிளகாய் சொல்லிவிட்டாள். "சார், ஒரு விஷயம். காலையிலேர்ந்து மூணு தடவை நடுவழியில நின்னுடுச்சு. காரணம் எனக்குத் தெரியல. நான் செஞ்சது எதுவும் அதுக்கு மருந்து இல்ல."

பின்னால் வெல்டர் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதை உங்க கம்பெனி சொல்லச் சொல்லிச்சா?"

"சொல்லாதேன்னு சொல்லிச்சு."

"ம். உள்ள யார் இருந்தப்போ நின்னுச்சு?"

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் சார்."

"ம்" என்றார் மறுபடியும்.

கேட்டை ஆட்டினார். கயிற்றை அளந்தார். தண்டவாளத்தைத் தட்டினார். அவளையும் ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய் வந்தார். பெட்டி மரத்தைச் சட்டைகூடப் பண்ணாமல் வழுக்கிக்கொண்டு போனது. பாவி, சாட்சிக் கூண்டில் ஏறினதும் எப்படி நல்ல பிள்ளை ஆகிவிட்டது பார்!

"வீட்டு ஆளுங்களை நான் தனியா விசாரிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மிளகாய் வெளியே நகத்தைக் கடித்தாள். உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு மருமகள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மாமியார். திடீரென்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கஷாய முகத்துக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நம்மளைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க" என்றாள்.

"நம்மளையா? கேட்டைச் சுத்தியலால அடிக்கச் சொன்னது நானா?" என்றார் வெல்டர்.

கதவு திறந்தது. வெளியே வந்த ஆய்வாளர் முகத்தில் மறுபடி கஷாயம். யார் கண்ணையும் பார்க்காமல், "நான் ஒரு தடவை தனியா இறங்கறேன். நீ கீழ போய் நில்லும்மா" என்றார்.

அவள் படியில் உருண்டு புரளாத குறையாக ஓடினாள். கீழ் நிலையத்தில் வந்து நின்று நிமிர்ந்தாள். பெட்டி மேலேயிருந்து கிளம்பியது. வெயிலில் கண்ணாடி மின்ன, கயிறு ஒரே சீராகப் பாட, அழகாக வந்தது. 'வா… வா என் ராசா… இந்த ஒரு தடவை…' என்று முணுமுணுத்தாள். பெட்டி மரத்துக்குள் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

"நின்னுடுச்சு!" என்று மேலேயிருந்து வெல்டர் கத்தினார்.

போச்சு. எல்லாம் போச்சு. கணீர்க் குரல், நாற்காலி, போன். மிளகாய்க்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் வந்தது. கீழ் நிலையத்து மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

"சார்! பயப்படாதீங்க சார்! இந்தத் தடவை எப்படியும் கண்டுபிடிச்சிடறேன்! உடனே பழுதைச் சரி பண்ணிடறேன்!"

ஸ்பீக்கரில் இலைகள் சலசலத்தன. குருவி ஒன்று கூவியது. அலறிக்கொண்டே இருந்த அந்தப் போனின் சத்தத்தைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்த ஒரு மனிதரின் குரல் நிதானமாக வந்தது.

"என்ன பழுதும்மா, மேல இருக்கறப்பவே சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டேன், அவசரப் பட்டனை அமுக்கி வெச்சிருக்கறது நான்தான், காலையிலேர்ந்து இந்த வீட்டுல ஒவ்வொருத்தரா அமுக்கிட்டு இங்க நிம்மதியா உக்காந்து எந்திரிச்சிருக்காங்க, என்னை மட்டும் ஏன் இந்த விரட்டு விரட்டற?"